தாமிரபரணிக் கரையில் தண்ணீர்ச் சிக்கனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் பகுதிகளில் ஆற்றுக் குடிநீரை நம்பியிருக்கும் குடும்பங்களையும், வள்ளியூர், இராதாபுரம், திசையன்விளை வட்டாரங்களில் ஆழ்துளைக் கிணற்றையும் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயையும் மாற்றி மாற்றி எதிர்பார்த்திருக்கும் குடும்பங்களையும் மனத்தில் வைத்து இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. கேள்விகளில் பெரும்பாலானவை குழாயடியிலும் திண்ணையிலும் காதில் விழுந்தவை.

தாமிரபரணி வற்றாத ஆறு என்கிறோம். பிறகு நமக்கு எங்கிருந்து வந்தது தண்ணீர்ப் பஞ்சம்?

வற்றாத ஆறு என்பதில் பொய்யில்லை. பொதிகை மலையில் பிறந்து சுமார் 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் இந்த ஆற்றின் பிறப்பும் முடிவும் தமிழ்நாட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. ஆகவே தண்ணீர் தர மறுப்பதற்கு மேலே வேறு மாநிலம் இல்லை. நாம் பழி போடுவதற்கும் ஆள் இல்லை. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் இதற்கு நீர் தருகின்றன. மழை நின்ற பிறகும் ஆறு ஓடுவதற்குக் காரணம், மலை மேலுள்ள சோலைக்காடுகளும் புல்வெளிகளும் பெய்த மழையைப் பஞ்சுபோல உறிஞ்சி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் கசியவிடுவதுதான். 1988-இல் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அந்தக் காட்டை நெல்லைச் சீமையின் முதல் அணை என்று சொன்னால் மிகையில்லை.

ஆனால் வற்றாமல் ஓடுவது வேறு, கேட்பவர்க்கெல்லாம் போதுமாக ஓடுவது வேறு. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரையிலான எட்டு அணைக்கட்டுகளும் அவற்றின் கால்வாய்களும் கார், பிசானம் என்ற இருபோக நெல் சாகுபடியைக் கருதி ஏற்பட்டவை. அவற்றை வெட்டிய காலத்தில் ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் படித்துறையில் குளித்து, குடத்தில் எடுத்துச் சென்று குடித்தார்கள்; குடிநீருக்கென்று தனிக் கணக்கு ஏதும் தேவைப்படவில்லை. இன்று அதே ஆற்றின் உறைகிணறுகளிலிருந்து திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களுக்கும், அவற்றைத் தாண்டி விருதுநகர் மாவட்டத்து அருப்புக்கோட்டை வரைக்கும் குழாய்கள் போகின்றன. ஆற்றின் நீளம் கூடவில்லை, மலையின் பரப்பும் கூடவில்லை. எடுக்கும் கைகள்தாம் கூடியிருக்கின்றன.

இந்தக் கணக்கில் ஒரு பருவமழை பொய்த்தால் என்னவாகும் என்பதை 2016-இல் பார்த்தோம். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அடுத்த கோடையில் நடு ஆற்றில் பாறைகளைப் பார்த்தவர்கள், வற்றாத ஆறு என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்தே உச்சரித்திருப்பார்கள்.

அணையில் 100 அடி தண்ணீர் இருப்பதாகச் செய்தி வருகிறதே, அது போதாதா?

அடிக்கணக்கு நம்மை ஏமாற்றக்கூடியது. பாபநாசம் அணையின் உச்ச நீர்மட்டம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. பாபநாசத்தில் 100 அடி என்றதும், பத்தில் ஏழு பங்கு நிறைந்துவிட்டது என்று மனம் கணக்குப் போடுகிறது. மலையிடுக்கில் கட்டிய அணையோ அகன்ற வாயும் குறுகிய அடியும் கொண்ட புனல்போன்றது. மேல் பத்து அடியில் நிற்கும் தண்ணீர் கீழ்ப் பத்து அடியில் நிற்பதைப்போலப் பல மடங்கு இருக்கும். உயரத்தில் பாதி இருக்கிறதென்றால் கொள்ளளவில் பாதிக்கு வெகுவாகக் குறைந்துவிட்டது என்றே பொருள். அடியில் படிந்திருக்கும் வண்டலும் அந்த அடிக்கணக்கில் சேர்ந்துதான் வருகிறது. ஆகவே செய்தித்தாளில் நீர்மட்டத்தோடு கொள்ளளவையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் நல்லது.

2023 டிசம்பரில் ஊரே மூழ்கியது. அவ்வளவு மழை பெய்யும் ஊரில் சிக்கனம் பேசுவது பொருந்துமா?

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்த்தது. ஆனால் அந்த வெள்ளத்தில் நாம் முதலில் இழந்தது குடிதண்ணீரைத்தான் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். உறைகிணறுகளும் நீரேற்று நிலையங்களும் குழாய்களும் சேதமடைந்ததால், வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற வீட்டில் அடுப்பில் உலை வைக்க ஒரு குடம் நல்லதண்ணீர் இல்லாமல் போயிற்று. தட்டோடியில் (மொட்டை மாடியில்) அண்டாவை வைத்து மழைநீர் பிடித்துக் குடித்தவர்கள் உண்டு.

ஓராண்டின் மழை இரண்டே நாளில் பெய்தால் அதைப் பிடித்து வைக்க நம்மிடம் இடமில்லை. குளங்கள் தூர்ந்து, வரத்துக் கால்கள் அடைபட்டுக் கிடக்கும்போது வந்த வெள்ளம் மறுகால் பாய்ந்து கடலுக்குப் போய்விடுகிறது. வெள்ள உபரியைக் கன்னடியன் கால்வாய் வழியாக நாங்குநேரி, இராதாபுரம், சாத்தான்குளம் வறட்சிப் பகுதிகளுக்குத் திருப்புவதற்காக 2009-இல் தொடங்கப்பட்ட தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புத் திட்டத்தின் நோக்கம் இந்த இழப்பைக் குறைப்பதே. வெள்ளம் வந்த ஊரில் அடுத்த சித்திரையிலேயே குடங்கள் வரிசையில் நிற்பதில் வியப்பில்லை. வந்த நீரைத் தேக்கத் தவறிய ஊருக்கு இரண்டும் வரும்.

விவசாயத்துக்கும் ஆலைகளுக்கும்தானே பெரும்பங்கு போகிறது? வீட்டில் இரண்டு குடம் மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது?

இந்தக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். ஆற்று நீரில் பெரும்பங்கு வயலுக்குத்தான் போகிறது. நீங்கள் வாளியில் குளிப்பதால் பாபநாசம் அணை ஓர் அங்குலம்கூட உயராது. ஆலைகளைப் பற்றிய கேள்வியும் நியாயமானதே. கங்கைகொண்டான் சிப்காட்டில் உள்ள குளிர்பான ஆலைகளுக்கு ஆற்று நீர் வழங்குவதற்கு 2016 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்ததும், 2017 மார்ச்சில் அந்த வழக்குகள் தள்ளுபடியானதும் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கேள்விகளைப் பொதுவெளியில் தொடர்ந்து கேட்கத்தான் வேண்டும். வீட்டுச் சிக்கனம் அவற்றுக்கு மாற்றாகாது.

ஆனாலும் வீட்டுக் குழாயில் வருவது வாய்க்காலில் ஓடும் தண்ணீரும் அல்ல. ஆற்று மணலுக்குள் இறக்கிய உறைகிணற்றில் வடிந்து ஊறி, குளோரின் கலக்கப்பட்டு, மின்சாரத்தால் மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றப்பட்டு, அங்கிருந்து தெருத்தெருவாகத் திறந்துவிடப்படும் தண்ணீர் அது. உறைகிணறு ஊறுவதற்கு ஆற்றில் மணல் இருந்தாக வேண்டும். தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்து நல்லகண்ணு தொடுத்த வழக்கில் 2010-இல் மதுரைக் கிளை தடை விதித்ததன் அருமை, குழாயில் தண்ணீர் பிடிப்பவர்களுக்கே முதலில் தெரிய வேண்டும். ஆற்றில் தண்ணீர் ஓடினாலும், உறைகிணறு ஒரு மணி நேரத்தில் இவ்வளவுதான் ஊறும், மோட்டார் இவ்வளவுதான் ஏற்றும், தொட்டி இவ்வளவுதான் கொள்ளும் என்ற அளவுகள் இருக்கின்றன. பற்றாக்குறை முதலில் தெரிவது அங்கேதான்.

நெல்லைச் சீமைக்காரர்களுக்குத் தலைமடை, கடைமடை என்றால் விளக்கத் தேவையில்லை. கால்வாயின் தலையில் உள்ளவன் தேவைக்கு மேல் பாய்ச்சினால் கடைமடைப் பயிர் கருகும் என்பது நமக்குப் பரம்பரையாகத் தெரிந்த செய்தி. அதற்காக வெட்டும் குத்தும் நடந்ததுண்டு. தெருக் குழாய்க்கும் அதே விதிதான். மேல்நிலைத் தொட்டிக்கு அருகில் உள்ள வீடுகளில் தொட்டி நிரம்பி வழிந்து வாறுகாலில் ஓடும் அதே அரை மணி நேரத்தில், தெருக்கோடி வீட்டுக் குழாயிலிருந்து 'புஸ்' என்று காற்று மட்டும் வந்துகொண்டிருக்கும். தலைமடை வீட்டில் 200 லிட்டர் குறைந்தால் அது அணைக்குத் திரும்பப் போவதில்லை என்பது சரிதான். அன்றைக்கே, அதே தெருவில், கடைமடை வீட்டுக்குப் போகிறது. வீட்டுச் சிக்கனத்துக்கு நான் அறிந்த வரையில் இதைவிட உறுதியான காரணம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. வீட்டுக்குள் வரும் தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராக வெளியேறுகிறது என்பது குடிநீர்ப் பொறியியலில் வழக்கமாகக் கொள்ளும் கணக்கு. நகரில் அதன் ஒரு பகுதி வாறுகால் வழியாகப் பாளையங்கால்வாயிலும் ஆற்றிலும்தான் போய்ச் சேர்கிறது. நாம் வீணாக்கும் நல்லதண்ணீர் கீழே உள்ள ஊர்க்காரருக்குச் சாக்கடையாகப் போகிறது.

ஒரு வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் போதும்?

பாதாளச் சாக்கடை வசதியுள்ள நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்றும், 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமங்களுக்கு ஆளுக்கு 55 லிட்டர் என்றும் அளவு வைத்திருக்கிறார்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு முறையே 540, 220 லிட்டர் ஆகிறது. உங்கள் மாடித் தொட்டி 1000 லிட்டர் என்றால், அது எத்தனை நாளைக்கு ஒருமுறை காலியாகிறது என்று ஒரு வாரம் நாட்காட்டியில் குறித்து வாருங்கள். மீட்டர் தேவையில்லை.

வீட்டில் தண்ணீர் எங்கே அதிகம் போகிறது?

பெரும்பாலோர் குளியலைச் சொல்வார்கள். உண்மையில் மேற்கத்திய கழிப்பறை உள்ள வீட்டில் முதல் செலவாளி அதன் நீர்த்தொட்டிதான். பழைய தொட்டிகள் ஒரு முறை அழுத்தினால் 10 லிட்டருக்குக் குறையாமல் கொட்டும். நான்கு பேர் ஆளுக்கு ஐந்து முறை என்று வைத்தால் 200 லிட்டர், அதாவது ஒரு கிராமத்துக் குடும்பத்துக்கு ஒதுக்கிய மொத்தத் தண்ணீரில் ஏறக்குறைய முழுவதும், அங்கேயே முடிந்துவிடுகிறது. 3 லிட்டர், 6 லிட்டர் என இரண்டு பொத்தான் கொண்ட தொட்டி மாற்ற முடிந்தால் நல்லது. முடியாதவர்கள் ஒரு லிட்டர் பாட்டிலில் மணலும் நீரும் நிரப்பி, இறுக மூடி, தொட்டிக்குள் நிறுத்தி வைத்தால் ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் மிச்சம்.

குளியலில் ஷவர் நிமிடத்துக்குப் பத்து லிட்டர்போலச் செலவழிக்கும். வாளியில் எடுத்தால் 20 லிட்டரோடு முடிந்தது. குறுக்குத்துறையிலும் சிந்துபூந்துறையிலும் முங்கிக் குளித்துப் பழகிய ஊருக்கு வாளிக் குளியலே கஞ்சத்தனமாகத் தெரியலாம். ஆற்றில் குளிப்பவர் அப்படியே குளிக்கட்டும், சோப்பும் ஷாம்புவும் மட்டும் வேண்டாம்.

அங்கணத்தில் பாத்திரம் துலக்கும்போது குழாயைத் திறந்தபடி விட்டால் கால் மணி நேரத்தில் 100 லிட்டர் சர்வ சாதாரணமாகப் போய்விடும். ஒரு சருவத்தில் தண்ணீர் எடுத்து வைத்துப் பாத்திரங்களை முதலில் அதில் அலசிவிட்டுப் பிறகு குழாயில் காட்டினால் நான்கில் ஒரு பங்கு போதும்.

கசிவைப் பற்றிச் சற்று விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் செலவாகவே நினைப்பதில்லை. எங்கள் வீட்டுப் புறவாசல் குழாய் பல மாதங்களாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கடியில் சிமெண்டுத் தரை பச்சை பிடித்து வட்டமாகக் குழிந்திருந்தது. ஒரு நாள் சும்மா இருந்தபோது ஒரு லிட்டர்ச் செம்பை அதன் கீழ் வைத்துப் பார்த்தேன். 40 நிமிடத்தில் நிரம்பிவிட்டது. அப்படியானால் ஒரு நாளைக்கு 36 லிட்டர். மாதத்துக்கு 1080 லிட்டர், அதாவது மாடித் தொட்டி முழுவதும் ஒரு முறை. சரிசெய்யத் தேவைப்பட்டது ஒரு ரப்பர் வாஷர் மட்டுமே. "காக்கா குருவி குடிச்சிட்டுப் போகுது, அதைப் போய் அடைக்கியே" என்று அம்மா வருத்தப்பட்டதால், அந்த இடத்தில் இப்போது ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைக்கிறோம். மைனாக்களுக்கு ஒன்றும் குறையில்லை.

ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருக்கிறோம். அதில் தண்ணீர் வீணாகிறதா?

ஆகிறது. வீட்டில் வைக்கும் சாதாரண இயந்திரங்கள் ஒரு லிட்டர் நல்லதண்ணீர் தருவதற்குச் சுமார் மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும். அதைக் குழாய் வழியே வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கு ஊற்றவும் பயன்படுத்தலாம். உப்பு மிகுந்திருப்பதால் தொட்டிச் செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்றக் கூடாது. ஆனால் உப்புக் கரிக்காத ஆற்றுக் குடிநீர் வரும் வீட்டில் இந்த இயந்திரம் எதற்கு என்பதுதான் என் கேள்வி. கிருமிக்குப் பயந்தால் கொதிக்க வைத்து ஆற்றிக் குடித்தால் போதும்.

எங்கள் வீட்டில் சொந்த போர் (ஆழ்துளைக் கிணறு) இருக்கிறது. நாங்கள் ஏன் சிக்கனம் பார்க்க வேண்டும்?

குழி உங்களுடையது, அதில் ஊறும் தண்ணீர் உங்கள் காம்பவுண்டுச் சுவரோடு நிற்பதில்லை. நம் பகுதியில் பெரும்பாலும் கெட்டிப் பாறை நிலம். மழைநீர் மேலே சிதைந்த பாறை அடுக்கிலும் கீழே பாறை வெடிப்புகளிலும் மட்டுமே தங்குகிறது. ஒரே வெடிப்பை நான்கு வீட்டுக் குழிகள் உறிஞ்சும்போது, ஒருவர் ஆழப்படுத்தினால் மற்ற மூவரும் ஆழப்படுத்த வேண்டியிருக்கிறது. அந்தப் போட்டியில் லாபம் பார்ப்பவர் போர் வண்டிக்காரர் ஒருவர்தான்.

உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி போன்ற கடலோர ஊர்களில் நிலைமை இன்னும் நுட்பமானது. அங்கே நிலத்துக்கடியில் நல்லநீர் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நல்லநீர் 1 அடி தாழ்ந்தால், கீழிருந்து உப்புநீர் ஏறக்குறைய 40 அடி மேலேறும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படைக் கணக்கு. ஒரு கோடையில் அளவுக்கு மீறி இறைத்துக் கிணற்றில் உப்பு ஏறிவிட்டால், அது மீண்டும் நன்னீராவதற்குப் பல நல்ல மழைக்காலங்கள் வேண்டும்.

மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டி எல்லா வீட்டிலும் இருக்கிறதே?

இருக்கிறது. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டபோது அவசர அவசரமாகக் கட்டியவை பல; இப்போது அவற்றின் மூடி மேல் துளசிமாடமோ இருசக்கர வாகனமோ நிற்கிறது. சில வீடுகளில் மாடிக் குழாய் நேராக வாறுகாலுக்குப் போகிறது. ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கி, தட்டோடியைப் பெருக்கி, குழாய் வாயில் அடைத்திருக்கும் வேப்பஞ்சருகை எடுத்து, குழிக்குள் இருக்கும் கூழாங்கல்லையும் மணலையும் வெளியே கொட்டிக் கழுவித் திரும்ப இட வேண்டும். பருவத்தின் முதல் மழையை வெளியே விட்டுவிட்டு அடுத்த மழையிலிருந்து பிடிப்பது முறை.

எவ்வளவு கிடைக்கும் என்று பலருக்குத் தெரிவதில்லை. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். 1000 சதுர அடி மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழைக்கு 930 லிட்டர், சிந்தியதும் ஆவியானதும் போக 740 லிட்டராவது சேரும். கார்த்திகையில் ஒரு மாலை நேரத்து மழையே அதைவிட அதிகம் பெய்துவிடும்.

துணி அலசிய தண்ணீரைச் செடிக்கு விடலாமா?

சோப்புத்தூள் கரைத்த முதல் தண்ணீர் வேண்டாம். இரண்டாவது, மூன்றாவது அலசலையும் குளித்த தண்ணீரையும் வாழைக்கும் கல்வாழைக்கும் தாராளமாக விடலாம். பச்சையாக உண்ணும் கொத்தமல்லி, புதினாவுக்குத் தவிர்க்க வேண்டும். அரிசி கழுவிய நீருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை; மாடு இருந்த காலத்தில் கழுநீர்ப் பானை இல்லாத வீடு ஏது?

குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து இழுப்பது தவறா?

தவறு, சட்டப்படியும் தவறு. கடைமடை வீட்டின் பங்கை உறிஞ்சுவதோடு, குழாய்க்குள் அழுத்தம் குறைந்து விரிசல் வழியே சாக்கடை நீர் உள்ளே இழுபடவும் வழியாகிறது. அந்தத் தண்ணீரை முதலில் குடிப்பவரும் மோட்டார் வைத்தவராகவே இருக்கக்கூடும்.

பிடித்து வைத்த தண்ணீரில் கொசு வருமே?

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்லதண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். எனவே அண்டாவையும் தொட்டியையும் வாரம் ஒருமுறை காலி செய்து, உட்பக்கச் சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். வெறுமனே கவிழ்த்து வைத்தால் போதாது. ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்த பாத்திரத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மூடியில்லாத பாத்திரத்தின் வாயை வேட்டித் துணியால் கட்டி வையுங்கள்.

வீட்டில் இதையெல்லாம் யார் செய்வது?

சிக்கனத்தைப் பற்றிப் பேசுபவர் பெரும்பாலும் பட்டாசலில் (வீட்டுக் கூடத்தில்) உட்கார்ந்திருப்பார். குடத்தோடு நிற்பவர் வேறொருவர். வாரம் ஒரு நாள் அதிகாலையில் எழுந்து தண்ணீர் பிடிக்கும் முறையை வீட்டு ஆண்கள் ஏற்றுக்கொண்டால், சொட்டும் குழாய் மறுநாளே சரியாகிவிடுவதைக் காணலாம்.

தெருவில் குழாய் உடைந்து தண்ணீர் ஓடினால் என்ன செய்வது?

உள்ளாட்சி அலுவலகத்தில் புகாராகப் பதிவு செய்து அதன் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு முன்பே, உங்கள் தெருவுக்கு வால்வு திறந்துவிடுபவரிடம் சொல்லிவிடுங்கள். உடைந்த பகுதிக்கு மட்டும் அடைக்க வேண்டிய வால்வு எங்கே இருக்கிறது என்பது அலுவலகத்தில் இருப்பவர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். எந்த வீட்டு வாசல், தண்ணீர் விடும் நேரத்தில் மட்டும் பீறிடுகிறதா அல்லது எப்போதும் ஊறுகிறதா என்ற இரண்டையும் குறிப்பிட்டுச் சொன்னால், தோண்ட வருபவர்கள் சாலையை மூன்று இடத்தில் தோண்டாமல் ஒரே இடத்தில் தோண்டுவார்கள்.